திரையைப் பார்க்காத நிரல்

டெர்மினலில் ஒரு பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. 37% என்று இருந்த இடத்திலேயே 38% வருகிறது, பிறகு 39%. எண் மாறுகிறதே தவிர வரி நகர்வதில்லை. நிரல் தன் பழைய எண்ணைத் தேடிப் பிடித்து அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அது அனுப்பியது நான்கே பைட்டுகள்: 13, 51, 56, 37. ஆஸ்கி அட்டவணைப்படி 51-உம் 56-உம் 3, 8 என்ற இலக்கங்கள். 37 சதவீதக் குறி. முன்னால் நிற்கும் 13-இல்தான் வித்தை இருக்கிறது. இருக்கிற வரியின் தொடக்கத்துக்குப் போ என்று டெர்மினலுக்குச் சொல்லும் கட்டளை அது.

எந்த வரி என்று நிரலுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. யூனிக்ஸ், லினக்ஸ் உலகில் நிரலின் வேலை பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. அவற்றை வாங்கி, கட்டம் கட்டமாக எழுத்துகளை நிரப்பி, கர்சரை நகர்த்துவது டெர்மினல். கர்சர் எங்கே நிற்கிறது என்ற உண்மை டெர்மினலிடம் மட்டுமே இருக்கிறது. நிரலிடம் இருப்பது ஓர் உத்தேசக் கணக்கு. கர்சரை நகர்த்தும் கலை முழுவதும் இந்த இரண்டு கணக்கையும் பிசகாமல் வைத்திருப்பதில்தான் அடங்கியிருக்கிறது.

தாளில் தொடங்கிய கட்டளைகள்

13 என்ற கட்டளை திரைக்காகப் பிறந்ததல்ல. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சுப் பொறி, கணினியிலிருந்து வரும் எழுத்துகளைத் தாளில் அடித்துத் தந்தது. வேகம் நொடிக்கு 10 எழுத்து. அதற்கு 13 வந்தால் அச்சுப் பகுதி இடது ஓரத்துக்குத் திரும்பும். 10 வந்தால் தாள் ஒரு வரி மேலே ஏறும். 7 வந்தால் மணி அடிக்கும். வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்ப ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது. அதனால் 13-ஐ முதலில் அனுப்பிவிட்டு, அச்சுப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே 10-ஐ அனுப்புவார்கள். தாள் ஏறுவதற்குள் அதுவும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

அந்தப் பொறி ஓய்ந்துபோனாலும் பழக்கம் ஓயவில்லை. யூனிக்ஸில் டெர்மினல் சாதனங்களுக்கு இன்றும் டெலிடைப் என்பதன் சுருக்கமான டி.டி.ஒய். என்றே பெயர். நிரல் வரி முடிவில் 10-ஐ மட்டும் அனுப்புகிறது. இயங்குதளத்தின் மையமான கர்னல் அதன் முன்னால் ஒரு 13-ஐச் சேர்த்து டெர்மினலுக்குத் தள்ளுகிறது. இந்த உதவியை நிறுத்திவிட்டால், ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கி, எழுத்துகள் படிப்படியாக வலப்பக்கம் இறங்கும்.

13-ஐ வைத்து ஓர் எண்ணை மாற்றிக் காட்டுவது எளிது. ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கும். முதலாவது, 1000-இலிருந்து கீழே எண்ணும் ஸ்கிரிப்ட். 1000-க்கு மேல் 999-ஐ எழுதினால் திரையில் தெரிவது 9990. மூன்று கட்டம்தான் புதிதாக எழுதப்பட்டது. நான்காவதில் பழைய பூஜ்யம் அப்படியே நிற்கிறது. இரண்டாவது, சி மொழியில் எழுதியவர்களுக்குத் தெரிந்த தொல்லை. டெர்மினலுக்கு எழுதும்போது, வரி முடியும்வரை பைட்டுகளைத் தன் இடைநினைவில் தேக்கி வைப்பது சி நூலகத்தின் வழக்கம். இங்கே வரி முடிவதே இல்லையே! அதனால் எண் ஓடாமல் உறைந்து நின்று, கடைசியில் ஒரேயடியாக 100% என்று குதிக்கும். ஒவ்வொரு முறையும் இடைநினைவைக் காலிசெய்யச் சொன்னால்தான் எண் நகரும்.

27 என்ற கதவு

தாளில் மேலே திரும்பிப் போக வழியில்லை. கண்ணாடித் திரை வந்ததும், எந்தக் கட்டத்துக்கும் போகலாம் என்றானது. அதை எப்படிச் சொல்வது? ஆஸ்கியின் முதல் 32 குறிகள் கட்டளைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அவற்றில் 27-க்கு எஸ்கேப் என்று பெயர். ஆஸ்கியில் அது இடம்பெறக் காரணமானவர் என்று அறியப்படுபவர் பாப் பெமர். அடுத்து வருவதை எழுத்தாகப் பார்க்காதே, கட்டளையாகப் படி என்பது 27-இன் அறிவிப்பு. அதற்குப் பின்னால் என்ன வரலாம் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் இஷ்டப்படி வகுத்துக்கொண்டனர்.

12-ஆம் வரி, 40-ஆம் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த வி.டி.52-க்கு அனுப்ப வேண்டியவை 27, 89, 43, 71. லியர் சீக்லர் நிறுவனம் 1976-இல் விற்பனைக்கு விட்ட ஏ.டி.எம்.-3ஏ டெர்மினலுக்கு 27, 61, 43, 71. இரண்டிலும் கடைசி இரண்டு பைட்டுகள் ஒன்றே: 12-உடன் 31-ஐக் கூட்டினால் 43, 40-உடன் 31-ஐக் கூட்டினால் 71. எதற்கு இந்த 31? 10-ஆம் வரி என்று சொல்ல 10 என்ற பைட்டையே அனுப்பினால், டெர்மினல் அதை வரி தள்ளும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 32-க்குக் கீழே உள்ள வம்புகளைத் தாண்டிப் போகவே இந்தக் கூட்டல்.

இந்த முறையில் ஓர் எல்லை உண்டு. ஏழு பிட்டுக் குறியில் 32-க்கும் 126-க்கும் இடையே இருப்பவை 95 எண்கள்தாம். 96-ஆவது கட்டத்தைச் சொல்ல வாய்ப்பில்லை. டிஜிட்டல் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட வி.டி.100-க்கோ, வழக்கமான 80 கட்ட நிலையோடு 132 கட்ட நிலையும் இருந்தது. அது கையாண்ட முறை வேறு. 1976-இல் ஐரோப்பியக் கணினித் தயாரிப்பாளர் சங்கம் எக்மா-48 என்ற தர வரையறையை வெளியிட்டிருந்தது. 1979-இல் அமெரிக்கத் தரமாகவும் அதே போக்கில் ஒன்று வந்தது. அதன்படி வரி, கட்டம் இரண்டையும் சாதாரண இலக்கங்களாகவே எழுதலாம். நம் உதாரணம் இப்படி ஆகிறது: எஸ்கேப் [ 12 ; 40 எச். பைட்டுகளாக 27, 91, 49, 50, 59, 52, 48, 72. நான்கு பைட்டு எட்டாகிவிட்டது. ஆனால் எண்ணுக்கு எல்லை போய்விட்டது. இன்று லினக்ஸ் டெர்மினலிலும் மேக் கணினியிலும் விண்டோஸ் டெர்மினலிலும் ஓடுவது இதுதான்.

இதே குடும்பத்தில் இன்னும் சில. எஸ்கேப் [ கே, கர்சரிலிருந்து வரி முடிவுவரை துடைக்கும், 9990 கோளாறுக்கு மருந்து இது. எஸ்கேப் [ 2 ஜே முழுத் திரையையும் துடைக்கும், ஆனால் கர்சரை நகர்த்தாது. எஸ்கேப் [ 5 ஏ ஐந்து வரி மேலே ஏற்றும். எஸ்கேப் 7 இருக்கும் இடத்தை நினைவில் வைக்கும்; எஸ்கேப் 8 அங்கே திரும்பக் கொண்டுபோய் நிறுத்தும்.

64 நொடியும் இரண்டு பலகையும்

கர்சர் கட்டளைகளுக்கு மதிப்பு வந்தது வேகம் குறைவாக இருந்ததால்தான். 24 வரி, 80 கட்டம் என்றால் திரையில் 1,920 எழுத்துகள். தொலைபேசி வழி 300 பாட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் போகும். ஓர் எழுத்தைத் திருத்தியதற்காக முழுத் திரையையும் புதிதாக எழுதினால் 64 நொடி காத்திருக்க வேண்டும். கர்சரை அந்தக் கட்டத்துக்கு அனுப்பி அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றினால் அரை நொடிகூட ஆகாது.

1970-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் விஐ தொகுப்பானை எழுதியது இப்படிப்பட்ட இணைப்பில்தான். அவர் கையில் இருந்தது ஏ.டி.எம்.-3ஏ. அதன் விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறிகள் பொறித்திருந்தன. விஐ-யில் கர்சரை நகர்த்த இன்றும் அந்த நான்கு விசைகளே.

டெர்மினலுக்கு ஒரு மொழி என்ற குழப்பத்துக்கும் பில் ஜாய் ஒரு வழி செய்தார்: டெர்ம்கேப் என்ற தரவுத்தளம். எந்த டெர்மினலுக்கு எந்தக் கட்டளை என்று அதில் பதிந்து வைத்தால், நிரல் அதைப் பார்த்து அனுப்பும். பின்னாளில் அந்த இடத்துக்கு டெர்மின்ஃபோ வந்தது. ஷெல் ஸ்கிரிப்டில் டிபுட் என்ற கட்டளையைக் கொடுக்கும்போது நடப்பது இந்தத் தரவுத்தளத்தைப் புரட்டுவதுதான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிபுட் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. எஸ்கேப் கட்டளை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. டிபுட்டிடம் 11, 39 என்று சொன்னால்தான் அது எஸ்கேப் [ 12 ; 40 எச் என்று அனுப்பும். ஒன்றைக் கூட்டு என்ற குறிப்பு டெர்மின்ஃபோ பதிவிலேயே இருக்கிறது. இரண்டு முறையையும் ஒரே ஸ்கிரிப்டில் கலந்தவருக்குத் திரையில் வரைந்த சட்டம் ஒரு கட்டம் விலகி நிற்பதன் காரணம் இதுதான்.

அடுத்த படி, கென் அர்னால்ட் எழுதிய கர்சஸ் நூலகம். விஐ-யில் இருந்த கர்சர் நகர்த்தும் நுட்பத்தை எல்லா நிரலுக்கும் பொதுவாக்கியது அது. அதை நம்பித்தான் மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் 1980 வாக்கில் ரோக் என்ற நிலவறை விளையாட்டை உருவாக்கினார்கள். தொலைபேசியில் சதுரங்கம் ஆடுகிற இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் பலகை கண்ணுக்குத் தெரியாது. சொன்ன ஒவ்வொரு நகர்வையும் தம் பலகையில் நகர்த்திப் பார்த்துத்தான் ஆட்டம் நடக்கிறது. கர்சஸ் இப்படி ஒன்றுக்கு இரண்டு பலகை வைத்திருக்கிறது. திரையில் இப்போது இருப்பதாகத் தான் நம்புவது ஒன்று; இருக்க வேண்டியது இன்னொன்று. நிரல் எழுதுவதெல்லாம் இரண்டாவதில். புதுப்பி என்றதும் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் கட்டங்களை மட்டும் மிகக் குறைந்த பைட்டுகளில் அனுப்புகிறது. இரண்டு கட்டம் தள்ளிப் போக எட்டு பைட்டுக் கட்டளை எதற்கு, இடையில் உள்ள இரண்டு எழுத்தை மறுபடி எழுதினாலே போதுமே என்று கணக்குப் போடும் அளவுக்குச் சிக்கனம்.

கணக்கு பிசகும் இடங்கள்

நம்புவது என்ற சொல்லில்தான் ஆபத்து. திரையில் வேறு யாராவது கை வைத்தால் பலகை பொய்யாகிவிடும். பயனர் ஒரு விசையைத் தட்டினால் கர்னலே அந்த எழுத்தைத் திரையில் எதிரொலித்துக் கர்சரை ஒரு கட்டம் தள்ளிவிடும். பின்னணியில் ஓடும் இன்னொரு நிரல் ஒரு பிழைச் செய்தியைத் துப்பினாலும் அதே கதி. கர்சஸ் நிரல்கள் எதிரொலியை நிறுத்திவிடுவதும், முழுத் திரையையும் புதிதாக வரைய ஒரு விசையைப் பல நிரல்கள் ஒதுக்குவதும் இதனால்தான்.

பாஷ் ஷெல்லின் தூண்டுவரிக்கு நிறம் கொடுத்தவர்கள் இதை வேறு வடிவில் சந்தித்திருப்பார்கள். நிறக் கட்டளைகளும் எஸ்கேப் வரிசைகளே. திரையில் அவை ஒரு கட்டத்தையும் பிடிப்பதில்லை. ஆனால் பாஷ் அவற்றையும் எழுத்துகளாக எண்ணிவிடும். நீளமான கட்டளை ஒன்றைத் தட்டும்போது, வரி எங்கே மடங்கும் என்ற அதன் கணக்கு தவறி, எழுத்துகள் தூண்டுவரியின் மேலேயே ஏறி உட்காரும். இது இடம் பிடிக்காது என்று பாஷுக்குச் சொல்வதற்கென்றே, நிறக் கட்டளையின் இருபுறமும் பின்சாய்கோட்டோடு சதுர அடைப்பு போடச் சொல்கிறார்கள்.

80-ஆவது கட்டம் இன்னும் நுட்பமானது. அங்கே ஓர் எழுத்தை எழுதியதும் கர்சர் அடுத்த வரிக்குப் போய்விடும் என்றுதான் எதிர்பார்ப்போம். வி.டி.100 அப்படிச் செய்வதில்லை. கர்சரை 80-ஆவது கட்டத்திலேயே நிறுத்தி, மடங்க வேண்டியிருக்கிறது என்று உள்ளே ஒரு குறியை மட்டும் வைத்துக்கொள்கிறது. அடுத்து இன்னோர் எழுத்து வந்தால் மடங்கும். 13-உம் 10-உம் வந்தால் குறி அழிந்துவிடும். இதனால் சரியாக 80 எழுத்துள்ள வரிக்குப் பின்னால் தேவையற்ற வெற்று வரி விழுவதில்லை. ஆனால் ஒரே கட்டத்தில் கர்சருக்கு இரண்டு நிலை. கண்ணால் பார்த்து எது என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட டெர்மினல்களைக் குறிக்க டெர்மின்ஃபோவில் தனிக் கொடியே இருக்கிறது.

ஒரு சிறிய ஸ்கிரிப்டில் இவை எல்லாம் கூடுவதைப் பார்க்கலாம். வேலை நடந்துகொண்டிருக்க, வலது மேல் மூலையில் கடிகாரம் ஓட வேண்டும். நேரத்துக்கு எட்டுக் கட்டம். 80 கட்டத் திரையில் 73-இல் தொடங்கினால் 80-இல் முடியும். அனுப்ப வேண்டியது: எஸ்கேப் 7, எஸ்கேப் [ 1 ; 73 எச், 10:45:30, எஸ்கேப் 8. இவற்றை நான்கு தனிக் கட்டளைகளாக அனுப்பினால், நடுவே இன்னொரு நிரல் எழுதுவது கடிகாரத்தின் மேல் போய் விழும். ஒரே பிரிண்ட்எஃப் கட்டளையில் சேர்த்து அனுப்பிவிட்டால் அந்த இடைவெளிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. எஸ்கேப் 7-இன் நினைவில் ஒரே ஓர் இடம்தான் தங்கும். வேலை செய்யும் நிரலும் அதைப் பயன்படுத்தினால் ஒருவர் குறித்ததை மற்றவர் அழித்துவிடுவார்.

ஸ்கிரிப்ட் முடியும் விதமும் முக்கியம். கர்சர் மினுக்காமல் இருக்க எஸ்கேப் [ ? 25 எல் என்று மறைத்திருந்தால், பயனர் கண்ட்ரோல்-சி அடித்து வெளியேறும்போது கர்சர் இல்லாத டெர்மினல் அவர் தலையில் விடியும். பாஷில் டிராப் கட்டளையை வைத்து, எப்படி வெளியேறினாலும் எஸ்கேப் [ ? 25 எச் போய்ச் சேரும்படி செய்துவிட வேண்டும். வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்பதையும் முதலிலேயே சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவுக் கோப்பு முழுக்க எஸ்கேப் குப்பை சேரும்.

கேட்டால் சொல்லும்

கணக்கில் நம்பிக்கை போனால் கேட்டுவிடலாம். எஸ்கேப் [ 6 என் என்று அனுப்பினால், எஸ்கேப் [ 12 ; 40 ஆர் என்று டெர்மினல் இடத்தைச் சொல்லும். பதில் வரும் வழிதான் விசித்திரம்: பயனரே விசைப்பலகையில் தட்டியதுபோல் உள்ளீட்டில் வந்து விழும். எதிரொலியை நிறுத்தாமல் கேட்டால் பதில் திரையிலேயே அச்சாகி, கேட்ட இடத்தையே மாற்றிவிடும். படிக்க ஆளில்லாமல் விட்டால், ஸ்கிரிப்ட் முடிந்ததும் தூண்டுவரியில் ஏதோ எண்களாகக் கிடக்கும்.

பதிலையும் விசையையும் பிரித்தறிவதிலும் சங்கடம் உண்டு. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் ஷிஃப்டோடு எஃப்3 விசையை அழுத்தினால் வருவது எஸ்கேப் [ 1 ; 2 ஆர். முதல் வரி, இரண்டாம் கட்டம் என்ற பதிலும் எழுத்துக்கு எழுத்து அதேதான். கேள்வியில் ஒரு வினாக்குறியைச் சேர்த்து எஸ்கேப் [ ? 6 என் என்று கேட்டால், பதிலிலும் வினாக்குறி வந்து குழப்பம் தீரும். அந்த வடிவத்தை எல்லா டெர்மினல்களும் ஏற்பதில்லை.

திரையின் அளவைக்கூட இப்படிக் கண்டுபிடிக்கலாம். 999-ஆம் வரி, 999-ஆம் கட்டத்துக்குப் போ என்று சொன்னால், டெர்மினல் மறுக்காமல் தன் கடைசி மூலைவரை போய் நிற்கும். அங்கே வைத்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் வரும் பதில்தான் திரையின் அளவு.

தமிழ் என்ற சொல்லுக்கு எத்தனை கட்டம்?

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு, ஒரு பைட்டுக்கு ஒரு கட்டம். கணக்கு வைப்பது இவ்வளவு எளிதாக இருந்ததே இந்தச் சமன்பாட்டால்தான். 'தமிழ்' என்று எழுதினால் அது நொறுங்கிவிடுகிறது. நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியிடங்கள். யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். கட்டம் எத்தனை?

ஒவ்வொரு குறியிடத்துக்கும் எத்தனை கட்டம் என்று சொல்ல நிரல்கள் நம்புவது டபிள்யூ.சி.விட்த் என்ற சார்பை. மார்கஸ் கூன் எழுதிய பதிப்பு பரவலாகப் புழங்குகிறது. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு 2, இடம் பிடிக்காமல் ஒட்டும் குறிகளுக்கு 0, மற்றவற்றுக்கு 1. யூனிகோடு பட்டியலில் தமிழின் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகை. இகரக் குறி இடம் பிடிக்கும் வகை. ஆகவே இந்தக் கணக்கில் 'மி' 2 கட்டம், 'மீ' 1 கட்டம்! 'தமிழ்' 4 கட்டம். எழுத்தை மொத்தமாகப் பார்த்து வரையும் டெர்மினல் வேறு எண்ணிக்கை வைத்திருக்கலாம். அப்படியானால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு கர்சர் நகர்வும் விலகும். அட்டவணையின் செங்குத்துக் கோடுகள் வரிக்கு வரி கோணும்.

அண்மைக் காலத்தில் சில டெர்மினல்கள் 2027 என்ற எண்ணுள்ள ஒரு நிலையை ஏற்கின்றன. அதை இயக்கினால், குறியிடங்களைத் தனித்தனியாக எண்ணாமல் எழுத்துத் தொகுப்பை ஒன்றாக அளப்பதாக டெர்மினல் ஒப்புக்கொள்கிறது. இந்த ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நம்பகமான வழி, எழுதிப் பார்த்துக் கேட்பது. விம் தொகுப்பான் அதைத்தான் செய்கிறது. சில குறிகள் ஒரு டெர்மினலில் 1 கட்டமும் இன்னொன்றில் 2 கட்டமும் பிடிக்கும் என்பதால், யுடிஎஃப்-8 சூழலில் தொடங்கும்போது ▽ என்ற முக்கோணத்தை எழுதி, கர்சர் எவ்வளவு நகர்ந்தது என்று டெர்மினலையே கேட்டுவிட்டுச் சுவடு தெரியாமல் துடைத்துவிடும்.

உங்கள் ஸ்கிரிப்டும் இதைச் செய்யலாம். வரித் தொடக்கத்தில் நின்று 'மி' என்று எழுதி, எஸ்கேப் [ 6 என் அனுப்பி, வரும் கட்ட எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் அகலம் கிடைக்கும். தூரத்துக் கணினியோடு பேசும்போது ஒவ்வொரு கேள்விக்கும் போய்வரும் நேரம் ஆகும் என்பதால், சொல்லுக்குச் சொல் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அட்டவணையில் வரப்போகும் எழுத்துகளைத் தொடக்கத்தில் ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டு, அதன்பின் அந்தக் கணக்கிலேயே ஓட்டுங்கள். பயனர் எழுத்துருவையோ டெர்மினலையோ மாற்றினால் மறுபடி அளந்துகொள்ளலாம்.